அமெரிக்கச் செய்தி ஸ்தாபனமும் இந்திய சர்க்காரும்

பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கதை சொல்ல வந்தவன் எந்தக் கதையை வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டுக்காரனைப் பற்றிய கதையை மட்டும் சொல்ல இயலாது. தெருவில் கூடியிருக்கும் ஜனங்கள் கேட்க விரும்புவது அந்த ஒரு கதையையேயானால் அவன் பாடு என்னாகும்? இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ஐக்கிய நாட்டின் செய்தி ஸ்தாபனம் இந்தியாவில் இருந்த நிலைமை ஏறக்குறைய இதுவே. அதனை இங்குச் சிறிது விரித்துக் கூற எண்ணுகிறோம். யுத்தத்தின் வெற்றி தோல்விகளைப் பற்றி நம் மாணவர் படித்திருப்பர். சொற்களைக் கொண்டு நடத்திய யுத்தத்தைப் பற்றி அவ்வளவாக அறியார்.

முதற்கண் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு தேசத்தார் தம் நேச தேசத்திற்குச் சென்று தம் கொள்கைகளை எடுத்துரைப்பது புதுமையன்று. ஆனால் இந்தியாவில் நடந்தது வேறு. நேசம் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே இருந்தது. கேட்போரோ இவ்விரண்டிலும் சேராத மூன்றாமவர். இந்தியாவை யுத்தத்தில் சேர்ப்பதாக 1939-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அறிவித்தபோது இந்தியத் தலைவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் காரணத்தை முன்னிட்டே காங்கிரஸ் மந்திரி சபைகள் பதவியை விட்டு விலகின. சென்னை மாகாணத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரி சபையும் அவ்வாறே விலகியது. இத்தகைய ஜனங்களுக்குமுன் நின்று, இது சுதந்திரத்துக்காக நடக்கும் யுத்தம் என்று சொல்லும் வேலைதான் அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது.

அமெரிக்கர் என்போர் திண்டுக்கல்லுக்குப் புதியவர் அல்லர். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனார் சில ஆண்டுகளுக்குள்ளேயே மலைக்கோட்டையின் அடியிலுள்ள இவ்வூரிலும் தங்கள் நிலையத்தை ஏற்படுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாக்டர் செஸ்டர் இங்கு நீண்ட காலம் வைத்தியசாலை நடத்தினார். சுற்றுப்புறத்துச் சோளக்கொல்லைகளிலிருந்தும் புகையிலைத் தோட்டங்களிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த குடியானவர்களுக்கு அமெரிக்கன் என்றால் மருந்து கொடுப்பவன், பள்ளிக்கூடம் வைப்பவன், வேதம் சொல்பவன். அவன் ஒரு தேசத்தின் அரசியலுக்குப் பிரதிநிதி என்ற நினைவே அவர்களுக்கு எழுந்திராது. ஆகவே 1942-இல் டில்லிக்கு வந்திறங்கிய அமெரிக்கன் முற்றிலும் வேறு வகையினன். அவன் கையில் வேதபுஸ்தகமும் இல்லை, மருந்துப் பெட்டியும் இல்லை. செய்தித் தாள்களும் புகைப்படங்களும் பிலிம் சுருள்களும் இருந்தன.

அவனை அனுப்பிய ஸ்தாபனம் 1942-ஆம் வருஷம் ஜூன் மாதம் 13-ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் உத்தரவால் ஏற்பட்ட யுத்தத் தகவல் காரியாலயம். எல்மர் டேவிஸ் என்னும் ரேடியோச் செய்தியாளர் அதற்குத் தலைவர். அதன் வெளிநாட்டுப் பிரிவு நாடகாசிரியர் ராபர்ட் ஷெர்வுட்டின் பொறுப்பில் இருந்தது. வெளிநாடுகளில் அதன் கிளைகள் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் செய்தி ஸ்தாபனம் என்ற பெயரால் வழங்கின. இந்தியாவில் டில்லி, பம்பாய், கல்கத்தா ஆகிய நகரங்களில் அதற்குக் காரியாலயங்கள் இருந்தன. டில்லியில் பின்னர் தலைமை வகித்த ரால்ஃப் பிளாக் என்பவர் ஹாலிவுட்டில் சினிமாக் கதைகள் எழுதியவர். நாடகக்காரரும் கதைக்காரரும் செய்தி வேலைக்கு ஏன் என்று வியப்படைய வேண்டுவதில்லை. செய்தியைக் கதையாகச் சொல்லத் தெரிந்தவனே பிரசாரத்துக்கு ஏற்றவன் என்பதை எல்லா அரசாங்கங்களும் அந்த யுத்தத்தில் கற்றுக்கொண்டன.

இனிச் சிக்கலுக்கு வருவோம். 1941 ஆகஸ்டு மாதம் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதம மந்திரி சர்ச்சிலும் சமுத்திரத்தில் ஒரு கப்பலில் சந்தித்து அட்லாண்டிக் சாஸனம் என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். எந்த அரசாங்கத்தின்கீழ் வாழ்வது என்பதைத் தேர்ந்துகொள்ள எல்லா ஜனங்களுக்கும் உரிமை உண்டு என்பது அதன் மூன்றாவது ஷரத்தின் கருத்து. இந்தியர்கள் இதைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் முழுதும் செல்லவில்லை. செப்டம்பர் 9-ஆம் தேதி சர்ச்சில் பார்லிமெண்டில் எழுந்து, அந்த ஷரத்து முக்கியமாக நாஜிகளின் நுகத்தடியில் சிக்கிய ஐரோப்பிய ஜனங்களைக் கருதியதேயன்றி இந்தியா, பர்மா முதலிய தேசங்களைப் பற்றியதன்று என்று விளக்கம் கூறிவிட்டார். (திண்டுக்கல் சுருட்டு சர்ச்சில் துரைக்கு மிகப் பிரியமானது என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வதுண்டு. மெய்யோ பொய்யோ, சுருட்டு கடல் தாண்டிச் சென்ற அளவுக்கு அவருடைய சாஸனம் இக்கரைக்கு வந்து சேரவில்லை.) 1942 பிப்ரவரி 23-ஆம் தேதி ரேடியோவில் பேசிய ரூஸ்வெல்ட்டோ, அட்லாண்டிக் சாஸனம் உலகம் முழுவதற்கும் உரியது என்றார். ஒரே சாஸனத்தை வெளியிட்ட இருவர் இரண்டு பொருள் கூறினால், அதைத் தெருத் தெருவாகப் படித்துக் காட்ட வேண்டியவன் எந்தப் பொருளைச் சொல்வான்?

அந்த வருஷத்தின் நிலைமையையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாகத் திரும்பினார்கள். வழியில் மாண்டவர் பலர். ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டணத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு வீசினார்கள். சென்னை நகரம் பாதி காலியாயிற்று. பட்டணத்துக் குடும்பங்கள் பெட்டி படுக்கைகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடி வந்தன. இந்தக் கலக்கத்தில் செய்தி என்பது அரிசியைப்போல ஒரு தேவையாகிவிட்டது. நம் பக்கத்துக்கு அருகிலுள்ள வானொலி நிலையம் 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையம். 1941 மே மாதம் முதல் லண்டன் பி.பி.சி.யும் தமிழில் பேசத் தொடங்கியிருந்தது. இவற்றுக்கு எதிராக, 1942-இல் பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் குரல் கேட்டது. பின்னர்ச் சிங்கப்பூரிலிருந்து தமிழிலேயே பேச்சு வந்தது. எதிரி வானொலியின் செய்தியைப் பரப்புவது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி குற்றம். ஆனாலும் ரேடியோப் பெட்டி உள்ள வீட்டில் இரவு கதவு சாத்தப்பட்டால் அக்கம்பக்கத்தார் அதன் காரணத்தை ஊகித்துக்கொண்டார்கள்.

எதிரி வானொலியின் பலம் ஒன்றே. இந்தியாவுக்கு விடுதலை வேண்டும் என்று அது வாய் திறந்து சொல்லிற்று. சொல்பவருடைய எண்ணம் சுத்தமா என்பது வேறு கேள்வி. கொரியாவிலும் சீனாவிலும் ஜப்பான் செய்ததை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். இதற்கு எதிர்மொழி கூற வேண்டிய அமெரிக்கர்களுக்கு உகந்த ஆயுதம் அவர்களுடைய சரித்திரமே. அவர்களும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை உதறித் தள்ளியவர்கள் அல்லவா? ஆனால் அந்தச் சரித்திரத்தை மதுரை ஜில்லாவில் உரக்கச் சொன்னால் அது என்ன பொருள்படும் என்பதை டில்லி சர்க்கார் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆகவே ஒத்துழைப்பு ஏற்பட்டது. அதோடு அதற்கு ஓர் எல்லையும் ஏற்பட்டது. சர்க்காருக்கு அமெரிக்கா வேண்டியிருந்தது. 1942 மார்ச்சு முதல் அமெரிக்கப் படைகள் கராச்சி வழியாக வரத் தொடங்கின. ஆயுதமும் லாரியும் விமானமும் அமெரிக்காவிலிருந்து வந்தன. அமெரிக்கப் படை வீரனையும் அமெரிக்க உதவியையும் ஜனங்கள் நல்ல கண்ணோடு பார்க்க வேண்டுமென்பதில் இரு சர்க்காருக்கும் ஒரே கருத்து. ஜப்பானியரை எதிர்த்துப் பர்மாவில் துண்டுப் பிரசுரங்கள் வீசும் வேலையிலும் வேற்றுமையில்லை. இந்தியாவின் அரசியல் என்ற இடத்தில்தான் கோடு கிழித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் நல்லெண்ணமுள்ள உணர்ச்சிவசப்பட்ட மனிதர்களால் தமக்கு எவ்வளவு தொல்லை என்று லின்லித்கோ பிரபு லண்டனுக்கு எழுதிக் குறைபட்டுக்கொண்டதுண்டு. 1942 ஏப்ரலில் கிரிப்ஸ் பேச்சுவார்த்தையின் நடுவே ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதியாக வந்த லூயி ஜான்ஸன் சமரசத்துக்கு முயன்றது அவருக்குப் பிடிக்கவில்லை, சர்ச்சிலுக்கும் பிடிக்கவில்லை.

ஆகஸ்டு 8-ஆம் தேதி பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் தலைவர்களும் கைதானார்கள். பல தேசியப் பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட மனமின்றித் தாமே நின்றுபோயின. பூட்டுச் செய்யும் ஊராராகிய நமக்கு வாய்ப்பூட்டு என்ற சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 12-ஆம் தேதி, அமெரிக்க சர்க்கார் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தியாவிலுள்ள அமெரிக்கப் படைகளின் நோக்கம் அச்சு நாடுகளோடு போர் புரிவது ஒன்றே. உள்நாட்டு விவகாரங்களில் அவை சிறிதும் தலையிடா என்பது அதன் சாரம். படைக்குச் சொன்ன விதி செய்தி ஸ்தாபனத்துக்கும் வழிகாட்டியாயிற்று. இந்தியர்களை அடக்க அமெரிக்கத் துப்பாக்கி உதவாது என்ற அளவில் அது நமக்கு ஆறுதலே. இந்தியர்களுக்காக அமெரிக்க நாவும் அசையாது என்பதும் அதனுள் அடங்கியிருந்தது.

அப்படியானால் அவர்கள் எதைத்தான் பேசினார்கள்? பத்திரிகைகளுக்குச் செய்திகளும் கட்டுரைகளும் படங்களும் கொடுத்தார்கள், சினிமாப் படங்கள் காட்டினார்கள், புத்தகசாலைகள் திறந்தார்கள். பம்பாயில் 1944-இல் திறந்த அமெரிக்கப் புத்தகசாலை இவற்றுள் பேர்பெற்றது. பேச்சின் பொருள் அமெரிக்க வாழ்க்கை: கப்பல் கட்டும் தொழிற்சாலை, கோதுமை வயல், கலாசாலை, மருந்து, டென்னஸி நதிப் பள்ளத்தாக்கில் 1933 முதல் அணைகள் கட்டி வெள்ளத்தையும் வறுமையையும் ஒருங்கே அடக்க முயன்ற திட்டம். இந்தக் கடைசி விஷயம் இந்தியர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அந்தத் திட்டத்தில் வேலை செய்த வூர்டுயின் என்ற எஞ்சினீயர் 1944-இல் வங்காளத்துக்கு வந்து தாமோதர் நதிக்கு யோசனை தயாரித்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்தது. மழை பொய்த்தால் குடிநீருக்கே தவிக்கும் திண்டுக்கல் சமவெளியில் வளர்ந்த நமக்கு, அணையைப் பற்றிய பேச்சு வீண் பேச்சாகத் தோன்றாது. அரசியல் பேச வழியில்லாதவன் ஆற்றைப் பற்றிப் பேசினான். ஆற்றுப் பேச்சு பயன் தந்தது. இதை ஒப்புக்கொள்வதே நியாயம்.

ஆனால் ஒரு சொல்லை அவர்களால் விலக்க முடியவில்லை. ரூஸ்வெல்ட் 1941 ஜனவரி 6-ஆம் தேதி கூறிய நான்கு சுதந்திரங்கள் அவர்களுடைய பிரசாரத்தின் உயிர்நிலை: பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம், வறுமையினின்று விடுதலை, அச்சத்தினின்று விடுதலை. ஆங்கிலத்தில் இவை பொதுவான நல்லொழுக்கப் பேச்சாக நிற்கும். தமிழில் எழுதிப் பாருங்கள். 'சுதந்திரம்' என்ற சொல் வந்த மாத்திரத்தில் பாரதியாரின் பாட்டும் வேதாரணியத்து உப்பும் சிறைக் கதவும் கூடவே வந்து நிற்கும். 'விடுதலை' என்று மாற்றினாலும் அதே கதை. மொழிபெயர்ப்பாளன் எந்தத் தமிழ்ச் சொல்லை எடுத்தாலும் அது முன்னமே தேசிய இயக்கத்தின் சொத்தாகியிருந்தது. தணிக்கைக்காரன் ஆங்கில மூலத்தில் குற்றம் காணாத வாக்கியத்தைத் தமிழ்ச் செவி தன்னிச்சையாக வேறு விதமாகப் பொருள்கொண்டிருக்கும். பரப்ப வேண்டிய சொல்லே பயப்பட வேண்டிய சொல்லாக இருப்பதைப் போன்ற சங்கடம் பிரசாரகனுக்கு வேறில்லை.

மூன்றாவது சுதந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் செல்ல மனம் இடங்கொடுக்கவில்லை. நார்மன் ராக்வெல் என்னும் சித்திரக்காரர் நான்கு சுதந்திரங்களுக்கும் நான்கு படங்கள் வரைந்தார். அவை 1943-இல் வெளிவந்து, யுத்தத் தகவல் காரியாலயத்தால் சுவரொட்டிகளாகவும் அச்சிடப்பட்டன. வறுமையினின்று விடுதலையைக் குறிக்கும் படத்தில், ஒரு குடும்பம் விருந்துக்கு அமர்ந்திருக்க, பாட்டி ஒருத்தி பெரிய வான்கோழியைத் தட்டில் ஏந்தி வருகிறாள். அதே 1943-இல் வங்காளத்தில் பஞ்சம். பல லட்சம் ஜனங்கள் மாண்டார்கள். மாண்டவர் தொகையை முப்பது லட்சம் அளவாகக் கணிப்போர் பலர். கல்கத்தா வீதிகளில் கிடந்த பிணங்களின் படங்களை ஆகஸ்டு 22-ஆம் தேதி 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை துணிந்து வெளியிட்ட பிறகே உலகம் விஷயத்தை அறிந்தது. அந்நகரத்திலேயே அமெரிக்கச் செய்தி ஸ்தாபனத்துக்கும் ஒரு காரியாலயம் இருந்தது. அங்கிருந்தவர்கள் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லவில்லை. திண்ணை பிறருடையது என்பதே அவர்களுடைய நோய்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்திய சர்க்காரும் அமெரிக்காவில் தம் பேச்சைப் பேச ஏற்பாடு செய்தார்கள். 1941 முதல் ஸர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் வாஷிங்டனில் ஏஜெண்ட் ஜெனரலாக இருந்தார். இந்தியா தன்னைத் தானே ஆளத் தகுதியற்றது, ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றுபடார், காங்கிரஸ் யுத்தத்துக்குத் தடை என்ற வாதங்கள் அங்கே பரவின. டி. ஏ. ராமன் என்ற பத்திரிகையாளர் காந்தியடிகளின் கொள்கையைக் குறைகூறி 1942-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆக, அமெரிக்காவின் செய்தி இந்தியாவில் அரைவாயோடு பேச, இந்திய சர்க்காரின் செய்தி அமெரிக்காவில் முழுவாயோடு பேசிற்று. 1944-இன் இறுதியில் ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் அங்குச் சென்று ஊர் ஊராகப் பேசிய பின்னரே தராசு சற்று நேராயிற்று.

வாய் திறந்த அமெரிக்கன் ஒருவனுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1943 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டின் பிரதிநிதியாக வில்லியம் பிலிப்ஸ் டில்லிக்கு வந்தார். பிப்ரவரி 10-ஆம் தேதி காந்தியடிகள் ஆகாகான் மாளிகையில் 21 நாள் உபவாசம் தொடங்கினார். அவரைக் காணப் பிலிப்ஸ் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. ஊர் திரும்பி மே மாதத்தில் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், இந்த யுத்தம் அமெரிக்காவுடையதும் ஆகையால் இந்தியர்களுக்கு விடுதலை உறுதி வேண்டும் என்று கேட்பது அமெரிக்காவின் உரிமை என்ற கருத்தை அவர் வற்புறுத்தினார். அந்த இரகசியக் கடிதம் 1944 ஜூலையில் ட்ரூ பியர்ஸன் என்ற பத்திரிகையாளர் கைக்குக் கிடைத்து வாஷிங்டனில் அச்சாயிற்று. பிலிப்ஸை மறுபடியும் இந்தியாவில் ஏற்க இயலாது என்று டில்லி சர்க்காரின் வெளிநாட்டு இலாகா தெரிவித்துவிட்டது. இத்தனை வருஷம் பக்கம் பக்கமாக அச்சிட்ட பிரசுரங்களைக் காட்டிலும், களவாய் வெளிவந்த அந்த ஒரு கடிதம் இந்தியர்களிடம் அமெரிக்காவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

மிஷனாருடைய நிலைமை இதைவிடப் பழையது. பிரிட்டிஷ் அல்லாத மிஷன்கள் இந்தியாவில் வேலை செய்ய வேண்டுமானால், சட்டப்படி ஏற்பட்ட சர்க்காருக்கு விசுவாசமாக ஒத்துழைப்போம் என்று உறுதி கூற வேண்டும் என்ற ஏற்பாடு முதல் யுத்தத்துக்குப் பின்பே வந்துவிட்டது. மிஷன் கல்லூரிகளும் மிஷன் வைத்தியசாலைகளும் அந்த உறுதிமொழியின் நிழலிலேயே நடந்தன. இதைச் சொல்ல நமக்குச் சற்றுக் கூச்சம்தான்; நமக்கு எழுத்தறிவித்தவர்களைப் பற்றிய பேச்சு இது. மதுரை மிஷனைச் சேர்ந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் 1925-இல் இங்கு வந்தவர். கதர் உடுத்தினார், வைஸ்ராய்க்குக் காந்தியடிகளின் கடிதத்தைக் கொண்டுபோன ஆங்கிலேய இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றார். 1930-இல் அவர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. திரும்பி வந்தார், 1944-இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். ஓர் அமெரிக்க ஸ்தாபனத்துக்கு டில்லியில் இடங்கொடுத்து உபசரித்த அதே சர்க்கார், அதே காலத்தில், தமிழ் பேசத் தெரிந்த ஓர் அமெரிக்கரைக் கப்பலேற்றினார்கள். சுதந்திரத்தைப் பற்றிய பிரசுரம் அவரிடம் ஒன்றும் இல்லை. உடுத்திய கதர்தான் இருந்தது.

1945 ஆகஸ்டு 31-ஆம் தேதியிட்ட உத்தரவால் யுத்தத் தகவல் காரியாலயம் கலைக்கப்பட்டது. வெளிநாட்டு வேலை அமெரிக்க அந்நிய நாட்டு இலாகாவுக்குச் சென்றது. புத்தகசாலைகள் மூடப்படவில்லை. 1947-க்குப் பின் அதே செய்தி ஸ்தாபனம் இந்தியரிடமே அனுமதி பெற்று இங்கு வேலை செய்தது. 'அமெரிக்கன் ரிப்போர்ட்டர்' என்ற அதன் பத்திரிகை தமிழிலும் வெளிவந்து வாசகசாலை மேஜைகளில் கிடந்தது. அப்பொழுது அதற்கு வேறு போட்டி, வேறு வாதம். ரஷ்யரும் பக்கத்திலேயே கடை விரித்திருந்தார்கள். அது தனியே எழுத வேண்டிய கதை.

கெய்தான் யுத்தத்துக்குப் பின் மூன்றாம் முறையாக வந்தார். திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளபட்டிக்கருகில், டாக்டர் சௌந்தரமும் ஸ்ரீ ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமத்தின் ஆரம்ப வேலைகளில் அவரும் சேர்ந்துகொண்டார். இம்முறை அவரை யாரும் வெளியேறச் சொல்லவில்லை.